உராய்வில்லாத கப்பி

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் டி.எம்.இ., அதாவது மெக்கானிக்கல் டிப்ளமா, என்று அச்சடித்திருந்தார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிளஸ் டூ என்று போடலாமே என்று கேட்டேன். அப்படி யாரும் போடுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

கல்யாணமான மூன்றாவது மாதம், திருப்பூர் வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் கரையான் ஏறியது. பீரோவைக் காலி செய்து, அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளை எடுத்தபோது அதற்கடியில் எட்டு ஹால் டிக்கெட்டுகள் கிடந்தன. எட்டிலும் என் வீட்டுக்காரரின் போட்டோ. முதல் போட்டோவில் மீசை சரியாக முளைக்கவில்லை. எட்டாவது போட்டோவில் இருந்தது கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அதே முகம். எட்டிலும் ஒரே தாள்தான். மெக்கானிக்ஸ்.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் மெக்கானிக். தையல் மெஷின்கள், கம்ப்ரசர், பாய்லர், துணி ரோல்களை மேல்மாடிக்கு ஏற்றுகிற செயின் பிளாக் எல்லாம் அவர் பொறுப்பு. எது நின்றாலும் அவர் போய்த் தொட்டால் ஓடும் என்று கம்பெனியில் சொல்வார்கள். அதை அவரும் என்னிடம் சொல்லியிருந்தார்.

கம்பெனி பக்கத்திலேயே இருந்ததால் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அன்று சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எட்டு ஹால் டிக்கெட்டுகளையும் வருஷ வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தேன். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"ஒரே ஒரு பேப்பருங்க" என்றார்.

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பத்திரிகைல டி.எம்.இ.ன்னு போட்டிருந்துச்சுங்களே?"

"படிச்சது டி.எம்.இ. தானே. முடிச்சேன்னு எங்கயும் போடலயே."

"உங்க ஊட்டுல தெரியுமுங்களா?"

"தெரியாது."

"எதுல போகுதுங்க?"

"மத்ததெல்லாம் எப்படியோ வந்துருது. இந்த உராய்வும் கப்பியும் வர்ற கணக்குலதான் போயிருது. அதுதான் பெரிய மார்க்கு."

அழ வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஹால் டிக்கெட்டுகளை அடுக்கியிருந்தேன். மூன்று மாதம் ஒருவர் என்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறார், அதற்கு அழுவதுதான் முறை. ஆனால் கப்பி என்று அவர் சொன்னதும் அழத் தோன்றவில்லை. பிளஸ் டூவில் இயற்பியலில் நான் இருநூற்றுக்கு நூற்று எழுபத்தெட்டு. உராய்வும் கப்பியும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதில் போய் எட்டு முறை ஒருவர் எப்படித் தோற்க முடியும் என்ற ஆச்சரியத்தில், கோபப்பட வேண்டிய நேரம் கடந்துபோய்விட்டது.

நான் கொமரலிங்கத்துக்காரி. கல்லூரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் பெண் பிள்ளைக்கு வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்கள். பிறகு கல்யாணம் ஆகி மூன்று பஸ் மாறித் திருப்பூருக்கு வந்தேன்.

ஒன்பதாவது முறை எழுதுவதாக அவருக்கு எண்ணமே இல்லை. எட்டு முறை தோற்றவர் அந்தத் தாளை ஒரு உடல்வாகு மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார். எழுத வைத்தது கம்பெனிதான். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் அப்போது ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். கழிவறைக் கதவு, தீயணைப்பான், குடிதண்ணீர், வேலை பார்ப்பவர்களின் வயது எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல். பாய்லரையும் மின்சாரத்தையும் பார்க்கிறவர் படித்தவரா என்பதற்கும் ஒரு ஃபைல். அந்த ஃபைலில் வைக்க டிப்ளமா சர்டிபிகேட்டின் நகல் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

"ஊர்ல இருக்குதுங்க, குண்டடத்துல" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். குண்டடத்தில்தான் அவருடைய அப்பா அம்மா இருந்தார்கள். நாலு வாரமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேனேஜர் கேட்பார், இவர் அதையே சொல்வார். ஹால் டிக்கெட் விஷயம் வெளியே வந்ததும் இதையும் என்னிடம் சொன்னார். ஒன்றைச் சொல்லிவிட்டதால் மற்றதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்தது போலிருக்கிறது.

"ஏப்ரல்ல பரீட்சை. பணம் கட்ட இன்னும் நாள் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குது."

"கட்டிட்டு வாங்க. நான் சொல்லித் தர்றேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "நீ தமிழ்ல படிச்சவ. இது இங்கிலீஷு புள்ள."

"கப்பிக்கு இங்கிலீஷ் தெரியுமுங்களா?"

மறுநாள் பாலிடெக்னிக்குக்குப் போனார். பணம் கட்டிவிட்டு வந்தார்.

காலையில் ஐந்தரை மணிக்கு உட்கார்வோம். குழாயில் தண்ணீர் வருகிற நாள் மட்டும் விடுமுறை. முதல் வாரம் முழுக்க மொழிபெயர்ப்பிலேயே போனது. ஃப்ரிக்‌ஷன் என்பது உராய்வு, ஆக்சிலரேஷன் என்பது முடுக்கம், டென்ஷன் என்பது கயிற்றின் இழுவிசை. அவருக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்லத் தெரிந்திருந்தது. எது என்னவென்று தெரியவில்லை. எனக்கு எல்லாம் என்னவென்று தெரியும், இங்கிலீஷில் ஒன்றும் தெரியாது. 'கயிற்றின் டென்ஷனைக் கண்டுபிடி' என்று கேட்டிருந்த கேள்வியை, இவ்வளவு வருஷமாக ஏதோ ஒரு எந்திரக் கோளாறைப் பற்றிய கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். கயிறு நைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாராம். அதற்கும் ஒரு விடை எழுதியிருக்கிறார்.

இரண்டாம் வாரம், முதல் கணக்கை எடுத்தோம். மேசைமேல் மூன்று கிலோ கட்டை. அதில் கட்டிய நூல் மேசை விளிம்பில் உள்ள கப்பி வழியாகப் போய், மறுமுனையில் இரண்டு கிலோ எடை தொங்குகிறது. நூல் எடையற்றது, கப்பி வழவழப்பானது, மேசையும் வழவழப்பானது. முடுக்கம் என்ன?

"இந்தக் கப்பி எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

"எந்தக் கப்பிங்க?"

"உராய்வே இல்லைன்னு போட்டிருக்கானே, இந்தக் கப்பி. பேரிங் போட்டதா, புஷ் போட்டதா?"

"அதெல்லாம் கணக்குல இல்லீங்க."

"பேரிங் போட்டாலும் உராய்வு இருக்கும். இல்லைன்னா நான் எதுக்கு வாரா வாரம் கிரீஸ் அடிக்கறேன்?"

அவர் ஏன் எட்டு முறை தோற்றார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. கூட்டல் கழித்தலில் என்னைவிட வேகம். கேள்வியைத்தான் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வழவழப்பான கப்பி என்று போட்டிருந்தாலும், நியாயமாக எவ்வளவு உராய்வு இருக்குமோ அதைத் தானாகவே ஒரு மதிப்புப் போட்டுக் கழித்துவிடுவார். நூல் எடையற்றது என்றால் நூலுக்குக் கொஞ்சம் எடை சேர்ப்பார். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ எழுதியபோது, விடைக்குக் கீழே 'பேரிங்கைப் பார்க்கவும்' என்று இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். திருத்தியவர் அதற்கு மார்க் கொடுத்தாரா என்று தெரியவில்லை.

"நம்பினாத்தானுங்க கணக்குப் போட முடியும்" என்றேன்.

"இல்லாதத எப்படிப் புள்ள நம்பறது?"

நாலு நாள் இதிலேயே நின்றோம். நான் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. உராய்வு இல்லை என்றால் இல்லை, எழுதிவிட்டுப் போய்விடுவேன். பல வருஷம் கழித்துக் கப்பிக்கும் நிறை உண்டு, அதையும் கணக்கில் எடுத்தால் நூலின் இரண்டு பக்கமும் இழுவிசை வேறு வேறாக இருக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அவரிடம் சொன்னேன். "அப்பவே சொன்னேன்" என்றார். ஆனால் அந்த நாலு நாளில் எனக்கு அது தெரியாது. ஐந்தாம் நாள் ஒரு வழி தோன்றியது.

"இந்தக் கப்பிய நேத்துத்தான் நீங்களே புதுசா மாட்டுனீங்க. நல்லா கிரீஸும் போட்டீங்க. இப்ப சொல்லுங்க, உராய்வு எவ்வளவு இருக்கும்?"

யோசித்தார். "நானே மாட்டுனதுன்னா ஒண்ணும் பெருசா இருக்காது."

"இல்லைன்னே வெச்சுக்கலாமுங்களா?"

"ஒரு மாசத்துக்கு வெச்சுக்கலாம்."

அன்று அந்தக் கணக்கைப் போட்டார். முடுக்கம் மூன்று புள்ளி ஒன்பது இரண்டு. ஒவ்வொரு எடையையும் தனியாக வரைந்து, அதை எந்தெந்தப் பக்கம் யார் இழுக்கிறார்கள் என்று அம்புக்குறி போடச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் வரைந்த அம்புகள் என்னுடையவற்றைவிட நேராக இருந்தன.

உராய்வுக்கு வந்ததும் நிலைமை மாறியது. உராய்வு அவருடைய ஊர். நின்றுகொண்டிருக்கிற துணி ரோலைக் கிளப்ப அதிக பலம் வேண்டும், நகர ஆரம்பித்துவிட்டால் குறைவாகப் போதும் என்று நான் நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் விளக்கியபோது, இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களா என்று சந்தோஷப்பட்டார். ஆனால் அடுத்த விதியில் மறுபடியும் நின்றார். உராய்வு தொடுகிற பரப்பைப் பொறுத்ததல்ல என்பது அந்த விதி. ஒரு பெட்டியைப் படுக்க வைத்து இழுத்தாலும் நிறுத்தி வைத்து இழுத்தாலும் உராய்வு ஒன்றுதான்.

"இது தப்பு" என்றார்.

"புத்தகத்துல இருக்குதுங்க."

"படுக்க வெச்சா நெறைய எடம் தொடுது. நெறைய ஒராயும். சின்னக் கொழந்தைக்குத் தெரியும்."

"எனக்கு இதுல அஞ்சு மார்க்கு போட்டாங்க."

"நீ பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் ஆய்வகம் இருந்தது, சாவியை வைத்திருந்த டீச்சர் மாற்றலாகிப் போயிருந்தார். ஐந்து மார்க் எழுதினேனே தவிர, அது உண்மையா என்று ஒரு கணம்கூட யோசித்ததில்லை. அவர் கேட்ட பிறகு யோசித்தேன். யோசித்தபோது எனக்கும் அது தப்பு என்றுதான் பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஒரு குடோன் இருந்தது. பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற துண்டுத் துணிகளை மூட்டை மூட்டையாக வாங்கி, நிறம் பிரித்து விற்கிற பாய் ஒருவர் அதை வைத்திருந்தார். அவரிடம் கையில் தூக்கிப் பிடிக்கிற சின்ன ஸ்பிரிங் தராசு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்க் கேட்டேன்.

"எதை எடை போடணும் தங்கச்சி?" என்றார்.

"எடை போட இல்லீங்க பாய். ஒரு செங்கல்ல மாட்டி இழுக்கணும்."

அவர் தராசைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் சிமென்ட் போட்ட நடைபாதை. ஒரு செங்கல்லைப் பனியன் துணிக் கயிற்றால் கட்டி, தராசின் கொக்கியில் மாட்டி, படுக்கைவாட்டில் மெதுவாக இழுத்தோம். முதலில் என் வீட்டுக்காரர் செங்கல்லைப் பட்டையாகப் படுக்க வைத்து இழுத்தார். முள் ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் ஆடியது. பிறகு குறுகலான பக்கத்தில் நிறுத்தி இழுத்தார். அதே ஒன்றரைக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் பட்டையாக. மறுபடியும் குறுகலாக. பாய் குனிந்து முள்ளைப் படித்தார். துவைக்கிற கல்லில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா துணியை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா காட்டுது" என்றார் பாய்.

"தராசு சரியா இருக்குதுங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

பாயின் முகம் மாறியது. "பதினொரு வருஷமா இதுலதான் வியாபாரம் பண்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு தராசைப் பற்றி யாரும் பேசவில்லை. மொத்தம் பன்னிரண்டு முறை இழுத்தோம். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். கடைசி இரண்டு முறை என்னிடம் தராசைக் கொடுக்கச் சொல்லி நானே இழுத்தேன். செங்கல் கரகரவென்று நகர்ந்தது, முள் ஒரே இடத்தில் நின்று நடுங்கியது. ஐந்து மார்க் வாங்கி மூன்று வருஷம் கழித்து அந்த வரி உண்மையாகியிருந்தது. செங்கல்லை முன்னால் வைத்துக்கொண்டு அழுதால் நன்றாக இருக்காது என்பதால் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.

"புத்தகத்துல சரியாத்தான் போட்டிருக்கான்" என்று அவர் வெளியே பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த நாளுக்குப் பிறகு புத்தகத்தில் இருந்த மற்ற விஷயங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்தார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் என் மாமனார் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பையில் இருந்ததையெல்லாம் எடுத்துக் கோரைப்பாயில் பரப்பினார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததற்குக் கொடுத்த அட்டை, பழைய ரேஷன் கார்டு.

"கம்பெனி மேனேஜரு ஊட்டுக்கு வந்திருந்தாரு கண்ணு. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தாராம். பையனோட டிப்ளமா சர்டிபிகேட் இங்கதான இருக்குது, நானே வாங்கிட்டுப் போயிர்றேன்னு சொன்னாரு. நானும் உங்க அத்தையும் பொட்டி பொட்டியா தேடுனோம். பாவம், மேனேஜரும் பரண்மேல ஏறிப் பாத்தாரு. சிக்கல. இதுல எதுன்னு நீ பாரு, நீதான் படிச்ச புள்ள."

நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பார்க்கிற நேரத்துக்குள் வேறு ஏதாவது சொல்லத் தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

"இதுல இல்லீங்க மாமா."

"பின்ன எங்க இருக்குது?"

"இன்னும் குடுக்கலீங்க. ஒரு பேப்பர் பாக்கி இருக்குதுங்க."

அவர் காகிதங்களைத் திரும்ப அடுக்கினார். ரேஷன் கார்டைக் கீழே வைத்து, அதன்மேல் மார்க் ஷீட்டை வைத்து, ஓட்டப்பந்தய அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பத்திரிகைக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேன். டி.எம்.இ.ன்னு பெருசா போடச் சொன்னதும் நாந்தான்" என்றார். அட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, "உங்கப்பாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டார்.

"அத நான் சொல்லிக்கறனுங்க மாமா."

நான் இன்றுவரை அப்பாவிடம் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், வாசலில் அப்பாவின் செருப்பைப் பார்த்ததும் வெளியிலேயே நின்றுவிட்டார். நான் போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். இருவருக்கும் இலை போட்டேன்.

"எதுலடா போச்சு?" என்று மாமனார் கேட்டார்.

"கப்பிலங்கப்பா."

"கப்பிலயா? நம்ம ஊட்டுக் கெணத்துக் கப்பிய மாத்துனதே நீதானடா."

"அது வேறங்கப்பா. அதுல உராய்வு இருக்கும். பரீட்சைல வர்ற கப்பில இருக்காது."

மாமனார் யோசித்தார். "இல்லாத கப்பியப் பத்தி எதுக்குக் கேக்கறாங்க?"

நான் இருவருக்கும் ரசம் ஊற்றினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, நானே எதிர்பார்க்காதபடி, அவருடைய அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் ஒன்றும் பிடிபடாது, அதனால் முதலில் கப்பியின் உராய்வைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைப் பார்க்கிறார்கள், அது தெரிந்த பிறகு இதைச் சேர்ப்பார்கள் என்றார். இவ்வளவு தெளிவாக நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மாமனார் கடைசிவரை கேட்டுவிட்டு, "செரி, மோர் ஊத்து கண்ணு" என்றார்.

அன்று கம்பெனிக்குத் திரும்பிப் போனதும் அவர் நேராக மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னார். மேனேஜர் எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' விடாதவர். ஃபைலை மூடினாராம். மறுபடியும் திறந்தாராம்.

"பரீட்சை எப்பங்க?"

"ஏப்ரல்லங்க."

"ஆடிட் ஜூலைலதானுங்க. அதுக்குள்ள ரிசல்ட் வந்துருமுங்களா?"

"வந்துருமுங்க."

"எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க. வெள்ளை வேட்டியோட பரண்மேல ஏறுனேன்."

சர்டிபிகேட் என்ற இடத்தில் 'வர வேண்டியுள்ளது' என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார். வேட்டியை நாங்கள் துவைத்துக் கொடுத்துவிடலாமா என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

பரீட்சை அன்று நானும் கூடப் போனேன். டி.வி.எஸ். ஃபிஃப்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம் என்று அவர்தான் சொன்னார், வழியில் வண்டி நின்றால் இறங்கி ரிப்பேர் பார்க்கத் தோன்றும் என்றார். பாலிடெக்னிக் கேன்டீன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ கொண்டுவந்தவர், "தம்பி பரீட்சைங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்தவரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"கேட்டுட்டான். சாய்தளம். அதுமேல நாலு கிலோ. கப்பி வழியா கயிறு. அந்தப் பக்கம் அஞ்சு கிலோ தொங்குது. முப்பது டிகிரி. உராய்வுக் குணகம் பாயின்ட் ரெண்டு."

"கப்பி?"

"வழவழப்பானதுன்னு போட்டிருந்தான். நான் ஒண்ணும் கேட்டுக்கல."

"முடுக்கம் எவ்வளவு வந்துச்சுங்க?"

"ரெண்டரைக்குப் பக்கம்."

கைப்பையில் இருந்த பேனாவை எடுத்து ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். ஐந்து கிலோவின் எடை, அதில் சாய்தளத்தில் இருப்பதன் பாதி எடை போக, உராய்வு, மொத்த நிறையால் வகுத்தால் நான்கு வந்தது. மறுபடியும் போட்டேன். நான்குதான். மூன்று மாதம் அதிகாலையில் எழுந்தது, செங்கல், மாமனார், மேனேஜரின் வேட்டி எல்லாம் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எனக்கு நாலு வருதுங்க" என்றேன்.

அவர் ஹால் டிக்கெட்டை வாங்கி, பஸ்ஸின் ஆட்டத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடைய அம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். ஒரு அம்பில் விரல் நின்றது.

"உராய்வ எந்தப் பக்கம் போட்டிருக்கற?"

பார்த்தேன்.

"கட்டை மேலதான போகுது? அஞ்சு கிலோ இழுக்குதில்ல? உராய்வு கீழ்ப்பக்கமல்ல இருக்கணும். நீ மேல்பக்கம் போட்டுக் கூட்டி வெச்சிருக்கற. உராய்வு எப்பப் புள்ள ஒத்தாசை பண்ணியிருக்குது?"

அம்புக்குறியைத் திருப்பிப் போட்டேன். கூட்டியதைக் கழித்தேன். இரண்டரை வந்தது.

நூற்று எழுபத்தெட்டு மார்க்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவர் கஷ்டப்படுவது தெரிந்தது. ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நாற்பது எடுத்தால் பாஸ், அவர் அறுபத்து மூன்று. பாலிடெக்னிக்கில் போய்ச் சான்றிதழை வாங்கியதும் நேராகக் குண்டடத்துக்குப் போய் அவருடைய அப்பாவிடம் காட்டினார். மாமனார் அதை ஒரு நாள் வைத்திருந்து கொடுக்கிறேன் என்று சொல்லி மூன்று வாரம் வைத்திருந்தார். அந்த மூன்று வாரமும் மேனேஜர் கேட்டபோதெல்லாம், சர்டிபிகேட் குண்டடத்தில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை அது உண்மை. மேனேஜர் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலையில் ஆடிட்டுக்கு வந்த அம்மாள் அந்த ஃபைலைத் திறந்து, பக்கங்களைப் புரட்டி, மூடிவிட்டார். தீயணைப்பானைப் பற்றித்தான் நிறையக் கேட்டாராம். என் வீட்டுக்காரரை மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கிரீஸ் அடிக்கிற வேலையையும் விடாமல் அவரே செய்தார்.

அதே மாதம் ஒரு சாயங்காலம் பாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், அறிவியல் குரூப், வாரத்தில் நாலு நாள் சொல்லிக் கொடுக்க முடியுமா என்றார். மாப்பிள்ளையையே பாஸ் பண்ண வைத்தவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டேன். மாப்பிள்ளைதான் என்றார்.

மறுநாள் அந்தப் பெண் தனியாக வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தாள். இயற்பியல் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். இயக்கவியல் கணக்குகள் அத்தனையும் நோட்டில் போட்டு முடித்திருந்தாள், அம்புகள் உட்பட. நான் பார்த்தவரை ஒன்றும் தப்பில்லை.

"பிசிக்ஸ் எனக்கு வந்துரும்க்கா. கெமிஸ்ட்ரிதான் வராது. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

எனக்கு வேதியியலில் நூற்றுப் பத்து. அதுவும் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அதைச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் ஏற்கெனவே புத்தகத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு முதல் பாடத்த நீ வாய்விட்டுப் படி" என்றேன். "நான் கேக்கறேன்."